மனையும் ஊரும் நிலமும்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது சிறுவரும் அறிந்த செய்தி. உணவை விளைக்கும் முறையை ஆராயப் பல்கலைக்கழகங்களில் வேளாண்மைப் பீடங்கள் உண்டு. உடல்நோயைத் தீர்க்கும் முறையை ஆராய மருத்துவப் பீடங்கள் உண்டு. உறையுளைப் பற்றியோவெனின், அது கொத்தனாரும் தச்சரும் அறிந்த தொழில்; அதிற் பல்கலைக்கழகம் கற்பிப்பதற்கு யாதுளது என எண்ணுவார் இன்றும் பலர். முதற்பட்டம் பெற்ற ஒருவர் மேலும் ஈராண்டு அதனையே கற்கப் புகுந்தாராயின், காலத்தை வீணாக்குகின்றார் எனக் கருதுவாரும் உளர். இவ்வெண்ணம் பொருந்தாது. கட்டடம், திட்டமிடல், நிலத்தோற்றம் என்னும் மூன்று துறைகளிலும் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் பட்டப்பின் கல்வி எதனைக் கற்பிக்கின்றது என்பதை, மட்டக்களப்பு வாவிநாட்டின் வடபாலுள்ள கரையோரச் சிற்றூராகிய மாங்கேணியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று துறைகள்

வீடு தனியே நிற்பதன்று. அஃது ஓர் ஊரில் நிற்கின்றது. ஊரும் தனியே நிற்பதன்று. அது நீரும் மண்ணும் மரமும் கூடிய ஒரு நிலத்தில் நிற்கின்றது. வீட்டையும் பிற கட்டடங்களையும் அமைக்கும் முறையை ஆராய்வது கட்டடக்கலை. வீடுகளும் வீதிகளும் சந்தையும் பாடசாலையும் கோயிலும் எங்கெங்கே அமைதல் வேண்டும், எந்நிலம் எப்பயனுக்கு உரியது, அதற்குரிய சட்டம் யாது, செலவு யாது என ஆராய்வது திட்டமிடற் கலை. இவையனைத்தையும் தாங்கும் நிலத்தின் மேடு பள்ளம், நீரோட்டம், மண்ணின் இயல்பு, மரஞ்செடிகள் ஆகியவற்றை அறிந்து, மக்கள் பயன்கொள்ளும்போதும் அவை கெடாதவண்ணம் அமைக்கும் முறையை ஆராய்வது நிலத்தோற்றக் கலை. பூஞ்செடி நட்டுப் புற்றரை வளர்த்தலே நிலத்தோற்றக் கலை எனப் பலர் கருதுவர். அவ்வாறு கருதுதல், சுவருக்கு வெள்ளை பூசுதலே கட்டடக்கலை எனக் கருதுதலை ஒக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகங்களிற் கட்டடக்கலை முதற்பட்டம் ஐந்தாண்டுக் கல்வியாகும். அதில் மாணவர் வரைதல், கட்டுமானப் பொருள்களின் இயல்பு, பாரந்தாங்கும் அமைப்பு, கலை வரலாறு முதலியவற்றைக் கற்று, கட்டடமொன்றைத் தாமே வடிவமைக்கும் திறன் பெறுகின்றார். அதன்பின் வரும் முதுமாணிக் கல்வி பெரும்பாலும் ஈராண்டுக் காலத்தது. திட்டமிடற்றுறையிற் கட்டடக்கலை கற்றோர் மாத்திரமன்றிப் பொறியியல், புவியியல், பொருளியல், சமூகவியல் ஆகியவற்றிற் பட்டம் பெற்றோரும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். வகுப்பறை விரிவுரையும், வரைகூடப் பயிற்சியும், களத்திற் சென்று செய்யும் அளவையும், இறுதியில் ஓர் ஆய்வேடும் இக்கல்வியின் உறுப்புக்களாம்.

இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள வேறுபாடு ஆண்டுக்கணக்கில் இல்லை. வினாவின் இயல்பில் உள்ளது. முதற்பட்ட மாணவருக்கு வினா கொடுக்கப்படுகின்றது. இந்நிலத்தில் ஒரு பாடசாலை வரைக என்றால் அவர் வரைவார். முதுமாணி மாணவரோ வினாவையே தேடிக் காணல் வேண்டும். இவ்வூருக்குப் பாடசாலை வேண்டுமா, வேண்டுமெனின் இந்நிலந்தான் ஏற்றதா, மாரியில் இந்நிலத்தில் நீர் நிற்குமா, பிள்ளைகள் எவ்வழியாக வருவர், அவ்வழி பத்தாண்டின்பின் எவ்வாறிருக்கும் என்பன அவர் கேட்கவேண்டிய கேள்விகள். விடையிற் பிழை நேரின் ஒரு கட்டடம் கெடும். வினாவிற் பிழை நேரின் ஓர் ஊரே கெடும்.

துறைகள் வளர்ந்த வரலாறு

தமிழர்க்கு இவ்வறிவு புதிதன்று. நண்பகற் பொழுதிற் கோல் நட்டு, நிழல் நோக்கித் திசையறிந்து, நூல் பிடித்து அரண்மனை வகுத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது. புகார் நகரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாக வகுக்கப்பட்டு, இடையே நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். மயமதம், மானசாரம் முதலிய வடமொழிச் சிற்பநூல்கள் ஊர்வகையும் மனைவகையும் விரித்துரைக்கின்றன. ஆயினும் அவ்வறிவு பெரும்பாலும் தந்தையிடமிருந்து மைந்தனுக்கும், ஆசானிடமிருந்து மாணாக்கனுக்குமே சென்றது. எல்லாரும் கற்று, ஐயுற்று, சோதித்து வளர்க்கும் பல்கலைக்கழகத் துறையாக அது மலரவில்லை.

மேனாட்டில் அம்மலர்ச்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1900-இல் நிலத்தோற்றக் கலையைப் பாடமாக்கியது. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் பல்கலைக்கழகம் 1909-இல் நகரமைப்புக்கெனத் தனித்துறை கண்டது. அத்துறையிற் பேராசிரியராயிருந்த பற்றிக் அபர்குரொம்பி என்பாரே பிற்காலத்தில் இலங்கைக்கு வந்து, 1948-இற் கொழும்புப் பிரதேசத்துக்குத் திட்டம் வகுத்தளித்தார்.

அவருக்கு முன்னரே தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தவர் பற்றிக் கெடிஸ். ஸ்கொத்லாந்து நாட்டவராகிய இவர் முதலில் உயிரியல் வல்லுநர். நகரங்களைப் பற்றிய கண்காட்சியொன்றை இந்தியாவுக்குக் கொணர முயன்றபோது, அப்பொருள்களை ஏற்றிவந்த கப்பல் 1914-இல் எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. நண்பர்கள் மீண்டும் படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இற் சென்னையிற் கண்காட்சி நடந்தேறியது. பின்னர் அவர் சென்னை மாகாணத்து நகரங்கள் பலவற்றை நடந்தே பார்த்து அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான தெருக்களை இடித்து நேர்கோட்டு வீதிகள் அமைக்க அக்காலத்து அதிகாரிகள் விரும்பினர். கெடிஸோ, வேண்டாத ஒரு சுவரை நீக்கி, பாழ்மனையொன்றை முற்றமாக்கி, பழைய கிணற்றைத் துப்புரவாக்கினாலே பெரும்பயன் விளையும் என்றும், செலவும் பன்மடங்கு குறையும் என்றும் காட்டினார். மருத்துவன் நோயை அறிந்தபின் மருந்து கொடுத்தல் போல, நகரை அளந்தறிந்த பின்னரே திட்டம் வகுத்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1921-இற் கொழும்பு நகருக்கும் அவர் அறிக்கை அளித்தார்.

இலங்கையில் வீடமைப்பு, நகரத் திருத்தக் கட்டளைச் சட்டம் 1915-இலும், நகர, கிராமத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் 1946-இலும் நிறைவேறின. சட்டம் இருந்தது, அதனை நிறைவேற்றக் கற்றவர் நாட்டில் உருவாகவில்லை. கட்டடக்கலை கற்க விரும்பியவர் பம்பாய்க்கோ இலண்டனுக்கோ செல்லவேண்டியிருந்தது. இலண்டனிற் கற்றதும் முற்றும் பயன்படவில்லை. குளிர்நாட்டிற் கற்பிக்கப்படும் பாடம் வெப்பநாட்டுக்கு உதவாது என 1953-இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாடொன்றில் நைஜீரிய மாணவர் ஒருவர் முறையிட்டார். அதன் பயனாக மறுவருடமே அந்நகரின் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் வெப்பநாட்டுக் கட்டடக்கலைக்கெனப் பட்டப்பின் துறையொன்று தோன்றியது. மைசூர் அரசிற் கட்டடக்கலைஞராகப் பணிபுரிந்த ஒற்றோ கோனிக்ஸ்பேர்கர் பின்னர் அதற்குத் தலைமை தாங்கினார். வெயிலும் மழையும் காற்றும் பாடநூலில் இடம்பெறுதற்கு ஒரு மாணவரின் முறையீடு வேண்டியிருந்தமை சிந்திக்கத்தக்கது.

சென்னையிற் கட்டடக்கலைக் கல்வி 1957-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தொடங்கி, 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. டில்லியில் 1955-இற் கண்ட நகர, கிராமத் திட்டமிடற் பள்ளி கட்டடக்கலைத் துறையோடு சேர்ந்து இன்றைய திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியாயிற்று. இலங்கையில் 1961-இற் கட்டுபெத்தையிற் கட்டடக்கலைப் பள்ளி தொடங்கப்பட்டது. பல மாற்றங்களின் பின் அத்துறை, 1978-இற் றனிப் பல்கலைக்கழகமான மொறட்டுவையில் நிலைபெற்றது. அங்குள்ள கட்டடக்கலைப் பீடத்தில் இன்று கட்டடக்கலை, திட்டமிடல், நிலத்தோற்றம், தொல்கட்டடப் பாதுகாப்பு ஆகியவற்றிற் பட்டப்பின் கல்வி நடைபெறுகின்றது.

அளந்தறிதல்

இக்கல்வியின் உயிர்நாடி அளந்தறிதல் எனின் மிகையாகாது. கெடிஸ் தம் மாணவர்க்கு மூன்று சொற்களைக் கற்பித்தார். அவை இடம், தொழில், மக்கள் என்பன. இடம் தொழிலை வரையறுக்கின்றது. தொழில் மக்களின் வாழ்க்கையை உருவாக்குகின்றது. மக்கள் மீண்டும் இடத்தை மாற்றுகின்றனர். இம்மூன்றையும் ஒருங்கே நோக்காதார் ஊரை அறியார் என்பது அவர் கருத்து.

தமிழ் மாணவருக்கு இம்முறை அயலாகத் தோன்றவேண்டியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். ஆங்குள்ள நீர், மரம், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அந்நிலத்து மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள் என அகப்பொருள் இலக்கணம் வகுக்கின்றது. இலக்கணம் வகுத்தோர் பாட்டுக்காக வகுத்தனர். ஊர் அமைப்பதற்காக அன்று. ஆயினும் நிலத்தினின்று தொடங்கி, தொழில் வழியாக, மனிதரிடம் வந்துசேரும் அவ்வரிசை, களத்திற் செல்லும் மாணவர் குறிப்பேட்டிற்கும் ஏற்ற வரிசையே.

அவ்வரிசையைக் கைக்கொண்டு மாங்கேணியை நோக்கலாம். கோறளைப்பற்று வடக்கு, வாகரைப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூர், மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் கரையோரப் பெருவழியில் உள்ளது. கிழக்கே வங்காள விரிகுடா. வடக்கே பனிச்சங்கேணிக் களப்பு. தெற்கே வாழைச்சேனை வாவி. மணற்பாங்கான நிலம். 1978-ஆம் ஆண்டு நவம்பர் 23-ஆந் தேதி இரவு மட்டக்களப்பு நாட்டைச் சூறையாடிய புயலும், 2004 திசம்பர் 26-ஆந் தேதிக் கடற்கோளும் இக்கரை கண்ட பேரிடர்கள். 2006, 2007 ஆண்டுகளிற் போரினால் வாகரைப் பிரதேச மக்கள் இடம்பெயர்ந்து, பின்னர் மீளக் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே இங்கு வீடும் ஊரும் மீண்டும் மீண்டும் அமைக்கப்படவேண்டியவையாயின. எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்னும் வினா இங்கே ஏட்டுச் சுரைக்காயன்று.

நீர்

மாங்கேணி, பனிச்சங்கேணி என அடுத்தடுத்த ஊர்ப்பெயர்கள் கேணி என்றே முடிதல் கவனித்தற்குரியது. ஒரு மரத்தையும் ஒரு நீர்நிலையையும் சேர்த்து ஊருக்குப் பெயரிட்டனர் முன்னோர். உவர்க்கடலுக்கும் உவர்க்களப்புக்கும் இடையே நன்னீர் கிடைக்கும் இடமே குடியிருப்புக்கு உரிய இடம் என்பதை அப்பெயர்களே கூறுகின்றன. நிலத்தோற்றக் கலை மாணவர் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.

மாரிமழை மணலிற் புகுந்து கீழே தங்குகின்றது. நன்னீர் உவர்நீரினும் எடை குறைந்ததாதலின், அது வில்லை வடிவாக உவர்நீரின் மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி ஆழம் நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கண்ட கணக்கு. இக்கணக்கின் மறுபக்கமே அச்சந்தருவது. மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தை ஓரடி தாழ்த்தினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழ முயலும். வாளியால் அள்ளிய கிணறு நெடுங்காலம் இனித்ததும், இயந்திரத்தால் இறைத்த கிணறு சில ஆண்டுகளில் உவர்த்ததும் இதனாலேயே. கடற்கோளின்பின் உப்புநீர் புகுந்த கிணறுகளைப் பலர் ஆர்வத்தோடு மீண்டும் மீண்டும் இறைத்தனர். அளவுக்கு மேல் இறைத்தல் உவர்நீரை மேலும் இழுக்கும் என்பதும், மாரிமழையே மணலைக் கழுவித் தூய்மையாக்கும் பெருமருந்து என்பதும் பின்னர் அறியப்பட்டன.

மணல் மழையை விரைந்து உறிஞ்சுதல் போலவே மலக்குழியின் கழிவையும் விரைந்து உறிஞ்சும். ஆகவே கிணறும் குழியும் தம்முள் எவ்வளவு தொலைவில் இருத்தல் வேண்டும், நிலத்தடி நீர் எத்திசை நோக்கி நகர்கின்றது என்பவற்றை அறிந்த பின்னரே வளவின் அளவைத் தீர்மானித்தல் தகும். சிறு வளவுகளாக நிலத்தைப் பகுத்து நூறு குடும்பங்களைக் குடியேற்றிவிட்டுப் பின்னர்க் கிணற்றுக்கு இடந்தேடுதல், கூரை வேய்ந்தபின் அத்திவாரம் தோண்டுதலை ஒக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே படத்தில் நோக்கும் முறையை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நிலத்தோற்றக் கலை கற்பித்த இயன் மக்ஹார்க் 1969-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நீர், மண், சரிவு, மரம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒவ்வொரு தெளிந்த தாளில் நிறமிட்டு வரைந்து, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒளிக்கெதிரே பிடித்தால், கட்டத்தகாத இடம் இருண்டும் கட்டத்தக்க இடம் வெளிறியும் தோன்றும். இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. தாள் மாறினும் முறை மாறவில்லை.

கரை

திட்டமிடற் கலையின் கருவி கோடு. எங்கே கட்டலாம், எங்கே கட்டலாகாது எனப் பிரிக்கும் கோட்டைத் திட்டமிடுவோர் இடுகின்றனர். அக்கோடு நிலத்தை அறிந்து இடப்பட்டதா, நிலப்படத்தின்மேல் அளவுகோலால் இடப்பட்டதா என்பதே வினா.

கடற்கோளின்பின் இலங்கை அரசு கரையோரத்திற் கட்டடம் எழுப்பலாகாத பகுதியை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அளவு குறிக்கப்பட்டது. மக்களுயிரைக் காத்தல் அதன் நோக்கம், அந்நோக்கம் நன்றே. ஆயினும் கடலுக்கும் களப்புக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் நிலத்தில் 200 மீற்றர் விலகினால், சில இடங்களிற் களப்பின் கரையே வந்துவிடும். வேறு சில இடங்களில் நிலம் விரைந்து உயர்ந்து, ஐம்பது மீற்றரிலேயே காவல் கிடைக்கும். பிறிதோரிடத்திற் கழிமுகத்தின் வழியே நீர் புகுந்து 200 மீற்றரையும் கடந்து செல்லும். ஒரே அளவு எல்லா இடத்திற்கும் பொருந்தாமையால் அவ்விதி பின்னர்த் தளர்த்தப்பட்டு, இடத்துக்கிடம் வேறுபடும் கரையோர எல்லைகளே மீண்டும் கொள்ளப்பட்டன. இடைக்காலத்தில் வலையையும் தோணியையும் கரையில் விட்டுத் தொலைவிற் குடியிருக்க நேர்ந்த மீனவர் பட்ட இடர் சொல்லுந்தரமன்று.

அமெரிக்காவின் நியூஜேர்சிக் கரையை 1962-ஆம் ஆண்டுப் புயல் அழித்ததன்பின் மக்ஹார்க் அங்கு செய்த ஆராய்ச்சி ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. கடலை அடுத்த முதல் மணல்மேடு அலையைத் தடுக்கும் அரண், அதன்மேற் கட்டலாகாது, அதன் புல்லை மிதிக்கவுமாகாது. அதன் பின்னுள்ள பள்ளத்தில் அளவோடு சில கட்டடங்கள் அமையலாம். இரண்டாம் மணல்மேடும் அரணே, அதுவும் தொடத்தகாதது. அதற்குப் பின்னாலுள்ள நிலமே குடியிருப்புக்குச் சிறந்தது என அவர் முடிவு செய்தார். அவர் இட்ட கோடு மீற்றர்க்கணக்கினாலன்று. மணல்மேடுகளின் இயல்பினால் ஆயது. 2004-இல் யாலக் கரையில் மணல்மேடு அகற்றப்பட்ட இடத்தில் நின்ற விடுதியொன்று அழிந்ததும், மேடு சிதையாத இடங்களில் அலை தணிந்ததும் அம்முடிவுக்கு இலங்கை அளித்த சான்றுகளாம்.

மாங்கேணிக் கரையை அளக்கும் மாணவர், மணல்மேடு எவ்விடத்தில் உயர்ந்து எவ்விடத்திற் சிதைந்துள்ளது, களப்போரத்தில் மட்டக்களப்பார் கண்ணா என வழங்கும் கண்டல் மரங்கள் எங்கே நிற்கின்றன, கரைவலை இழுக்கும் இடம் எது, வாடி அமைக்கும் காலம் எது, அலை வந்தால் முதியோரும் குழந்தைகளும் ஓடத்தக்க மேட்டுவழி எது என்பவற்றை ஒருங்கே குறித்தல் வேண்டும். அதன்பின் இடப்படும் கோடு வளைந்தும் நெளிந்தும் இருக்கலாம். அழகு குறைந்த கோடே உயிர் காக்கும் கோடாதல் கூடும்.

மனை

இனி வீடு. மாங்கேணி வட அகலக்கோடு ஏறத்தாழ 8 பாகையில் உள்ளது. ஆதலின் ஏப்பிரல் நடுப்பகுதி முதல் ஓகத்து இறுதிவரை நண்பகற் சூரியன் தலைக்கு வடபாலும், ஏனைய மாதங்களிற் றென்பாலும் நிற்கும். இரு பக்கத்துச் சுவருக்கும் நிழல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அவற்றினும் மிகுதியாக வெயில் ஏற்பது கூரை. அதற்கடுத்தன காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் மேற்குச் சுவர் அனலாகும். மாரியில் வாடைக்காற்றோடு வரும் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து வீழும்.

பழைய கிடுகுக் கூரை வெப்பத்தைத் தடுத்தது. ஆயின் நெருப்புக்கும் புயலுக்கும் ஈடுகொடுக்கவில்லை. புதிய தகரக் கூரை மழையைத் தடுக்கின்றது. ஆயின் நண்பகலில் வீட்டை அடுப்பாக்குகின்றது. பழையதெல்லாம் நன்று என்பதும் புதியதெல்லாம் நன்று என்பதும் ஆராய்ச்சியன்று. அகன்ற தாழ்வாரம் வெயிலுக்கு நன்று. புயற்காற்றோ அத்தாழ்வாரத்தின் அடியிற் புகுந்து கூரை முழுவதையும் தூக்கிவிடும். இம்முரணைத் தீர்க்கும் வழியையும் ஆராய்ச்சியே காட்டியது. விறாந்தைக் கூரையைப் பெருங்கூரையோடு இணைக்காது தனியே அமைத்தால், புயல் விறாந்தையைக் கொண்டுசெல்லினும் வீடு நிற்கும். இருபக்கச் சாய்வினும் நாற்பக்கச் சாய்வுக் கூரை காற்றை நன்கு தாங்கும். மரத்தையும் சுவரையும் இரும்புப் பட்டையாற் பிணைத்தலுக்கு ஆகும் செலவு சிறிது, பயனோ பெரிது.

இதுகாறும் கூறியவை வெயிலும் காற்றும். மக்களை அறியாத வீடு இன்னும் வீடாகாது. மட்டக்களப்புத் தமிழரிடையே குடி தாய்வழியாக வருவது. வீடும் சீதனமாக மகளுக்கே செல்வது. மூத்த மகள் மணஞ்செய்ததும் பெற்றோர் வீட்டை அவளுக்கு விட்டு, அதே வளவிலோ அடுத்த வளவிலோ இளைய மகளுக்கென வேறொரு வீடு கட்டத் தொடங்குவர். தாயும் மகளிரும் சகோதரிகளும் அடுத்தடுத்து வாழும் இவ்வமைப்பிற் பிள்ளை வளர்ப்பும், நோயாளியைப் பேணலும், கணவன் கடலுக்குச் சென்ற காலத்துத் துணையும் அடங்கியுள்ளன. கடற்கோளின்பின் எழுந்த குடியேற்றங்கள் பலவற்றில், வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டுக் குடும்பத் தலைவர் என்னும் பெயரில் ஆண்மகனுக்கே உரிமை எழுதப்பட்டதையும், அதனாற் பெண்களின் பழைய சீதன உரிமை நலிந்ததையும் கிழக்கிலங்கையில் ஆராய்ச்சி செய்த அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். எவரும் தீங்கு நினைத்துச் செய்ததன்று. விண்ணப்பப் படிவத்தில் இருந்த ஒரு சொல், ஒரு நாட்டின் வழக்கத்தை அறியாதிருந்தது, அவ்வளவே. அச்சொல்லைக் கண்டு நின்று வினவுபவரை உருவாக்குதலே உயர்கல்வியின் கடமை.

வினவுதல் இயலாத காரியமுமன்று. இலங்கையின் முன்னோடிக் கட்டடக்கலைஞருள் ஒருவராகிய மினெற் டி சில்வா அம்மையார், 1950-களிற் கண்டியை அடுத்த வட்டப்புலுவையில் அரச ஊழியர்க்கான வீடமைப்பை மேற்கொண்டபோது, குடியிருக்கப் போகின்றவர்களிடம் வினாக்கொத்து அளித்து, அவர்தம் குடும்பம், வழக்கம், வருவாய், விருப்பம் ஆகியவற்றைக் கேட்டறிந்து அதற்கேற்ப வீடுகளை வகுத்தார். அக்காலத்தில் அது புதுமை. இன்று அது பாடம். பாடமாயினும் எல்லா இடத்தும் வழக்கமாகவில்லை.

கற்பவரும் மொழியும்

மேற்கூறிய நீர், கரை, மனை என்னும் மூன்றும் மூன்று வேறு வினாக்கள் போலத் தோன்றினும் ஒன்றே. வளவு சிறிதானாற் கிணறு கெடும். கிணறு கெட்டால் ஊர் பெயரும். கோடு தவறினால் வளவு சிறிதாகும். வளவு சிறிதானால் இளைய மகளுக்கு வீடில்லை. ஆகவேதான் பல்கலைக்கழகங்கள் இம்மூன்று துறைகளையும் ஒரே பீடத்தில் வைத்துக் கற்பிக்கின்றன.

ஆயின் ஒரு குறை உளது. மாங்கேணி மாணவர் இக்கல்வியை நாடின், தீவைக் குறுக்கே கடந்து மொறட்டுவைக்கோ கடல் கடந்து சென்னைக்கோ செல்லல் வேண்டும். அங்கே பாடம் ஆங்கிலத்தில் நடைபெறும். ஆங்கிலம் உலக அறிவுக்கு வாயில் என்பதில் ஐயமில்லை. எனினும் கேணி, வளவு, வாடி, களப்பு, கழிமுகம், கச்சான், வாடை என்னும் சொற்களுள் அடங்கிய அறிவு ஆங்கில வரைபடத்தில் எளிதிற் புகுவதன்று. அவ்வறிவு ஊரின் முதியோரிடத்தும், வலைஞரிடத்தும், பெண்களிடத்தும் உள்ளது. கொழும்பிலிருந்து வருபவர் இரண்டு நாளில் அதனைக் கேட்டறிதல் அரிது. கெடிஸ் போன்ற பேரறிஞரும் பிறநாட்டிலிருந்து வந்து, கண்டு, எழுதி, சென்றவரே. ஓர் ஊரில் வளர்ந்து, உயர்கல்வி பெற்று, மீண்டும் அவ்வூரை அளவுகோலும் குறிப்பேடுமாக நோக்கும் மாணவர், இரு மொழிகளையும் இணைக்கும் பாலமாவார். அவர் எழுதும் ஆய்வேட்டின் சுருக்கமாவது தமிழில் ஊரவர் கைக்குச் சென்றால், அடுத்த திட்டம் வகுக்கப்படும்போது அவர்கள் கேட்கவேண்டிய கேள்விகளைத் தாமே கேட்பர்.

பள்ளி மாணவரும் அதற்கு இன்றே ஆயத்தமாகலாம். தம் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் கயிறிட்டு அளந்து ஓராண்டு குறித்துவைத்தல், மாரியில் எத்தெருவில் எத்தனை நாள் நீர் நிற்கின்றது என எழுதுதல், நண்பகலில் எச்சுவரில் நிழல் வீழ்கின்றது என நோக்குதல் ஆகியவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. புவியியலும் கணிதமும் சித்திரமும் தமிழும் இங்கே ஒன்றுசேர்கின்றன. பல்கலைக்கழகத்தின் வரைகூடம் இவ்வாறு முற்றத்திலேயே தொடங்குகின்றது.

வீடு கட்டுவோர் பலர். ஊரை அறிந்து கட்டுவோர் சிலர். அச்சிலரைப் பலராக்குதலே கட்டடம், திட்டமிடல், நிலத்தோற்றம் என்னும் இம்முக்கலைகளின் உயர்கல்வி நாடும் பயனாகும். மாவும் பனிச்சையும் நின்ற இடத்தில் நன்னீரைக் கண்டு ஊரமைத்த முன்னோர் அதற்கு வழிகாட்டிச் சென்றுள்ளனர். அவர்கள் கண்டதை அளந்தும் எழுதியும் காத்தல் கற்றோர் கடனாகும்.